கச்சா எண்ணெயிலிருந்து நீரைப் பிரிக்கும் டீமல்சிஃபையரைச் சேலத்தில் தயாரிக்க முடியுமா?

சேலத்தில் சாயப்பட்டறைகளுக்கு வெட்டிங் ஏஜெண்ட்டும் (துணியை எளிதில் நனைய வைக்கும் பொருள்) சாஃப்ட்னரும் செய்து கொடுக்கும் சிறிய ஆலையை நடத்துவதாகவும், எண்ணெய் வயல்களில் பயன்படும் டீமல்சிஃபையரைத் தயாரிக்க நல்ல ஃபார்முலா ஒன்று வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயாரிக்க உங்களால் முடியும். ஆனால் நீங்கள் தேடும் அந்த ஒற்றை ஃபார்முலா எங்குமே இல்லை. ஒரு கிணற்றின் எண்ணெயிலிருந்து அரை மணி நேரத்தில் நீரை இறக்கிவிடும் கலவை, பக்கத்து வயலின் எண்ணெயில் ஒன்றுமே செய்யாமல் கிடப்பது இந்தத் தொழிலில் அன்றாட அனுபவம். நான் சேலம் அஸ்தம்பட்டிக்காரன்; எண்ணெய் வயல் ரசாயனங்களைக் கலந்து சோதிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றிலிருந்து எண்ணெய் தனியாக வருவதில்லை. உப்பு நீரும் வாயுவும் சேர்ந்தே வருகின்றன. பம்பிலும், ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்விலும் அவை அடித்துக் கலக்கப்படும்போது நீர் சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரையுள்ள துளிகளாக எண்ணெய்க்குள் சிதறிவிடுகிறது. இந்தக் கலவையைத்தான் எமல்ஷன் என்கிறோம். நம் ஊர் ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிப் பாலைத் தொட்டியில் விட்டுவிட்டால் மாவு தானாகவே அடியில் படிந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெயில் இருக்கும் நீர் அப்படிப் படியாததற்குக் காரணம், ஒவ்வொரு துளியையும் சுற்றி ஒரு தோல் உருவாகியிருப்பதுதான். கச்சா எண்ணெயில் இயல்பாகவே உள்ள அஸ்ஃபால்டீன், ரெசின், நாஃப்தெனிக் அமிலங்கள், மெழுகுப் படிகங்கள், நுண்ணிய களிமண், இரும்பு சல்ஃபைடு ஆகியவை துளியின் மேற்பரப்பில் அடைந்து அந்தத் தோலை உருவாக்குகின்றன. இரண்டு துளிகள் மோதினாலும் தோல் கிழியாத வரை அவை ஒன்றாவதில்லை. ஸ்டோக்ஸ் விதிப்படி துளி இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் இரட்டித்தால் வேகம் நான்கு மடங்காகும். ஆகவே டீமல்சிஃபையர் நீரை நேரடியாக இழுத்து இறக்குவதில்லை. அஸ்ஃபால்டீனுக்குப் போட்டியாகத் துளியின் மேற்பரப்பில் இடம் பிடித்து, தோலை நெகிழ்த்தி, துளிகளை ஒன்றுசேர விடுவதே அதன் வேலை. மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். (லேத் பட்டறைகளில் பயன்படும் பால் போன்ற கட்டிங் ஆயில் இதற்கு நேர் எதிரானது, அங்கே நீருக்குள் எண்ணெய் சிதறியிருக்கிறது. அதைப் பிரிக்கும் ரசாயனமும் வேறு. விற்பனையாளர்கள் சிலர் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

இந்தத் துறையின் வரலாற்றில் உங்களுக்குப் பழக்கமான பொருள் ஒன்று வருகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் பார்னிக்கல், இரும்பு சல்ஃபேட்டைக் கொண்டு எண்ணெயிலிருந்து நீரைப் பிரிக்கும் முறைக்கு 1914-இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் சோப்புகளும், சல்ஃபோனேட்டுகளும், சல்ஃபேட் ஏற்றப்பட்ட ஆமணக்கெண்ணெயும் வந்தன. கடைசியாகச் சொன்னது உங்கள் ஆலையிலேயே டிரம்மில் இருக்கக்கூடிய டர்க்கி ரெட் ஆயில்தான். அதை மட்டுமே வைத்து இன்று சந்தைக்குப் போக முடியாது. அன்று ஆயிரம் பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவில் ஊற்றிச் சாதித்ததை இன்றைய பாலிமர்கள் பெரும்பாலும் சில பத்து பி.பி.எம்.மிலேயே சாதிக்கின்றன, அத்துடன் கால்சியம் மிகுந்த வயல் நீரிலும் வெப்பத்திலும் டர்க்கி ரெட் ஆயில் நிலைப்பதில்லை. ஆனாலும் ஆமணக்கு இத்துறையை விட்டுப் போய்விடவில்லை. ரிசினோலிக் அமிலத்தின் பன்னிரண்டாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியில் எத்திலீன் ஆக்சைடைக் கோக்க முடியும் என்பதால், ஆமணக்கெண்ணெய் எத்தாக்சிலேட்டுகளைத் துணைக் கூறாகச் சேர்த்துப் பார்க்கலாம். மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக ஏத்தாப்பூரில் ஆராய்ச்சி நிலையமே இருக்கும் மாவட்டத்தில் இதைச் சோதிக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்றைய கலவைகளில் பொதுவாக மூன்று வகைக் கூறுகள் இருக்கும். நீரை விரைவாக இறக்குபவை முதல் வகை. ஆல்கைல்ஃபீனால்–ஃபார்மால்டிஹைடு ரெசினில் எத்திலீன் ஆக்சைடையும் ப்ரொப்பிலீன் ஆக்சைடையும் ஏற்றிய பொருள்கள் இதில் அடங்கும். எண்ணெயில் கடைசியாக மிஞ்சும் நீரையும் விரட்டி அதை உலர்த்துபவை இரண்டாவது வகை. இவை பெரும்பாலும் மூலக்கூறு எடை கூடிய பாலியால் அல்லது பிளாக் கோபாலிமர்கள். களிமண், இரும்பு சல்ஃபைடு போன்ற திண்மத் துகள்களை நனைத்து நீர்ப்பக்கம் தள்ளும் டோடெசைல்பென்சீன் சல்ஃபோனிக் அமிலத்தின் அமீன் உப்பும் சல்ஃபோசக்சினேட்டும் மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகை உங்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி, ஏனென்றால் சாயப்பட்டறைக்கு நீங்கள் கொடுக்கும் வெட்டிங் ஏஜெண்ட் இதற்கு நெருங்கிய உறவு. வாங்கும் ஒவ்வொரு கூறுக்கும் ஆர்.எஸ்.என். (ரிலேட்டிவ் சால்யுபிலிட்டி நம்பர், அதாவது ஒப்பீட்டுக் கரைதிறன் எண்) கேட்டு வாங்குங்கள். கரைப்பானில் கரைத்த ஒரு கிராம் பொருள், எத்தனை மில்லிலிட்டர் நீர் சேர்த்ததும் நிரந்தரமாகக் கலங்குகிறது என்பதை அந்த எண் காட்டும். 13-க்குக் கீழே இருந்தால் அது நீரில் கரையாதது, 17-க்கு மேலே இருந்தால் கரைவது, இடைப்பட்டது சிதறி நிற்பது. ஆர்.எஸ்.என். தேடலைச் சுருக்குமே தவிர விடையைத் தராது.

விடை பாட்டில் டெஸ்ட் எனும் சோதனையில்தான் கிடைக்கும். அளவுக்கோடிட்ட நூறு மில்லிலிட்டர் பாட்டில்களில் எமல்ஷனை நிரப்பி, பத்து சதவீதமாகச் சைலீனில் கரைத்த கூறை மைக்ரோபிப்பெட்டால் இட வேண்டும். அந்தக் கரைசலில் 0.05 மில்லிலிட்டர் இட்டால் 50 பி.பி.எம். ஆகிறது. வயலில் எண்ணெய் எந்த வெப்பநிலையில் பிரிக்கப்படுகிறதோ அதே வெப்பநிலையில் நீர்த்தொட்டியில் வைத்து, எல்லாப் பாட்டில்களையும் ஒரே எண்ணிக்கையில் ஒரே விசையுடன் குலுக்கி, ஐந்து, பத்து, பதினைந்து, முப்பது, அறுபது நிமிடங்களில் இறங்கிய நீரின் அளவைக் குறிக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் இறங்கிய நீரை மட்டுமே பார்த்து வெற்றியாளரை அறிவித்துவிடுவார்கள். நீர் வேகமாக இறங்கியும் மேலே எண்ணெய் ஈரமாகவே இருக்கலாம். ஆகவே எண்ணெய்–நீர் எல்லைக்குச் சற்று மேலே ஊசியால் எண்ணெயை உறிஞ்சி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, நீரும் படிவும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று பாருங்கள். குழாய்வழியில் அனுப்பும் எண்ணெய்க்குப் பல இடங்களில் அரை சதவீதமே எல்லை. பிறகு அதே குழாயில் எமல்ஷனை முழுவதுமாக உடைக்கும் வலுவான பொருளைச் சிறிது விட்டு மறுபடியும் சுழற்றுங்கள். அப்போது நீர் கூடினால், நீங்கள் நம்பிய கலவை எமல்ஷனை எண்ணெயிலேயே விட்டுவைத்திருக்கிறது என்று பொருள். எல்லைக்கோடு கத்தியால் வெட்டியதுபோல இருக்கிறதா, அங்கே பழுப்புத் திட்டு நிற்கிறதா, கீழுள்ள நீர் தெளிவாக இருக்கிறதா, எண்ணெய் கலந்து அழுக்காக இருக்கிறதா என்பவற்றையும் எழுதி வையுங்கள். எல்லையில் நிற்கும் அந்தத் திட்டு வயலில் நாள்தோறும் சேர்ந்து, கடைசியில் எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் கலத்தையே அடைத்துக்கொள்ளும்.

முதலில் கூறுகளைத் தனித்தனியாகவும், தேறியவற்றை இரண்டிரண்டாகவும், பிறகு மூன்றாகவும் சோதியுங்கள். தனியாக இட்டபோது சுமாராக இருந்த இரண்டு பொருள்கள் சேரும்போது தனித்தனியே முதலிடம் பிடித்தவற்றைவிட நன்றாக வேலை செய்வது இங்கே அடிக்கடி நடக்கும். அளவைக் கூட்டிக்கொண்டே போவதும் தீர்வாகாது, ஏனென்றால் ஓர் எல்லைக்கு மேல் டீமல்சிஃபையரே துளிகளைச் சூழ்ந்து எமல்ஷனை நிலைப்படுத்தத் தொடங்கிவிடும். அதே குழாயில் அரிப்புத் தடுப்பான் செலுத்தப்படுகிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையும் பாட்டிலில் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

சேலத்திலிருந்து இதைச் செய்வதில் உள்ள உண்மையான தடை இங்கேதான் வருகிறது. நம்மிடம் சர்ஃபாக்டண்ட் (வெட்டிங் ஏஜெண்ட் போன்ற, மேற்பரப்பில் வேலை செய்யும் பொருள்கள்) அறிவு இருக்கிறது, ஆள்கள் இருக்கிறார்கள், டிரம் கலக்கும் கலங்கள் இருக்கின்றன, எண்ணெய் இல்லை. நமக்கு அருகிலுள்ள எண்ணெய் வயல்கள் காவிரிப் படுகையில் நரிமணம், அடியக்கமங்கலம் பக்கம் இருக்கின்றன. அங்கிருந்து கேனில் பிடித்து இங்கே கொண்டுவரும் எண்ணெய், கிணற்றடியில் இருந்த எண்ணெயே அல்ல. லேசான ஹைட்ரோகார்பன்கள் பறந்துவிடும். காற்றுப் பட்டு இரும்புச் சேர்மங்கள் மாறும். துளிகளைச் சுற்றியுள்ள தோல் நேரம் செல்லச் செல்ல இறுகும். அப்படிப்பட்ட எண்ணெயில் வென்ற கலவை வயலில் தோற்றால் வியப்பதற்கில்லை. எனவே கலவையை இங்கே செய்யுங்கள், சோதனையைக் கிணற்றடியில் செய்யுங்கள். நீர்த்தொட்டி, கையடக்க சென்ட்ரிஃபியூஜ், பாட்டில்கள், உங்கள் கூறுகளின் வரிசை எல்லாம் ஒரு வேனில் அடங்கிவிடும். முதல் முதலீட்டை அந்த வேனில் போடச் சொல்வேன், புதிய ரியாக்டரில் அல்ல.

ரியாக்டர் பேச்சு வந்ததால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எத்தாக்சிலேஷனை, அதாவது எத்திலீன் ஆக்சைடை ஏற்றும் வினையை, உங்கள் ஆலையில் தொடங்க நினைக்காதீர்கள். எத்திலீன் ஆக்சைடு 10.7 டிகிரி செல்சியஸில் கொதிப்பது, காற்றில் சுமார் மூன்று சதவீதம் இருந்தாலே தீப்பற்றக்கூடியது, காற்றே இல்லாவிட்டாலும் சிதைந்து வெடிக்கக்கூடியது, புற்றுநோயையும் உண்டாக்குவது. அதற்கென்று கட்டப்பட்ட பெரிய ஆலைகளிடம் உங்கள் ரெசினைக் கொடுத்துக் கூலிக்கு ஏற்றி வாங்கிக்கொள்ளலாம். கரைப்பான்களிலும் கவனம் தேவை. சைலீனைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேமித்தால் பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) உரிமமும், மெத்தனாலை வைத்துக்கொள்ள மாநில அரசின் தனி உரிமமும் வேண்டும்.

நீங்கள் சொந்தமாக ஏதாவது செய்ய விரும்பினால், ரெசினைச் செய்யலாம் என்பது என் கருத்து. அந்த ரெசினுக்கு வழக்கமாகப் பயன்படும் ஆல்கைல்ஃபீனாலான நானைல்ஃபீனால் நீர்வாழ் உயிரினங்களின் ஹார்மோன்களைப் பாதிப்பதால் ஐரோப்பாவில் கட்டுப்படுத்தப்பட்டுவிட்டது. மாற்றாக முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து எடுக்கும் கார்டனால் இருக்கிறது, முந்திரிக்குப் பண்ருட்டி நமக்குத் தொலைவும் அல்ல. ஆனால் நானைல்ஃபீனாலுக்கான செய்முறையை அப்படியே கார்டனாலுக்குப் போட்டால் கலத்தில் ஜெல்தான் மிஞ்சும். ஃபீனால் வளையத்தில் ஃபார்மால்டிஹைடு இணையக்கூடிய இடங்கள் மூன்று: இரண்டு ஆர்த்தோ, ஒரு பாரா. நானைல்ஃபீனாலில் பாரா இடம் அடைபட்டிருப்பதால் ஃபார்மால்டிஹைடு இரண்டு ஆர்த்தோ இடங்களில் மட்டுமே இணைந்து நீளவாக்கில் சங்கிலியாகும். கார்டனாலின் நீண்ட பக்கச் சங்கிலி மெட்டா இடத்தில் இருப்பதால் மூன்று இடங்களும் திறந்திருக்கின்றன. சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஆகவே அமில வினையூக்கியுடன், ஃபார்மால்டிஹைடை ஃபீனாலைவிட மோல் அளவில் தெளிவாகக் குறைத்து வைத்து, சிறிது சிறிதாகச் சேர்த்து, பாகுத்தன்மையை இடையிடையே அளந்து நிறுத்த வேண்டும்.

பெரிய எண்ணெய் நிறுவனங்களின் டெண்டரில் முன் அனுபவம் கேட்பார்கள் என்பதால் தொடக்கத்திலேயே அவர்களிடம் போக வேண்டாம். பழைய லூப் எண்ணெயைச் சுத்திகரிப்பவர்களும், ஃபர்னஸ் ஆயில் தொட்டிகளின் அடிக்கசடைக் கையாள்பவர்களும் இதே சிக்கலோடுதான் இருக்கிறார்கள். ஏற்கெனவே வயல்களுக்கு விற்கும் கலவையாளர்களுக்கு நனைக்கும் கூறுகளும் ரெசினும் தேவைப்படுகின்றன. இந்த இரண்டு வாசல்களிலும் நீங்கள் இப்போதே நுழைய முடியும்.