ஏணை ஆட்டாமல் பிள்ளை உறங்குமா?

கேள்வி: மகனுக்கு ஏழு மாதம். திருகோணமலை உவர்மலையில் கணவர் வீட்டாருடன் இருக்கிறோம். பிரசவ விடுமுறை முடிந்து நான் வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து இரவில் மணிக்கொரு தடவை எழும்புகிறான். ஏணையை ஆட்டினால் கண்ணை மூடுவான், நிறுத்தினால் விழித்துவிடுவான். தனி அறையில் அழவிட்டால் மூன்று நாளில் பழகிவிடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். மாமி கேட்டுவிட்டு, "பச்சைப் பிள்ளையை அழவிட்டு வளர்க்கிற வீடா இது?" என்று கோபித்துக்கொண்டார். அழவிடலாமா? அவன் மனம் பாதிக்கப்படுமா?

பதில்: வேலைக்குப் போன பிறகுதான் இது தொடங்கியது என்கிறீர்கள். அதனால் இரவை விட்டுவிட்டுப் பகலைப் பார்ப்போம். தாய் வெளியே போனதும் சில பிள்ளைகள் கோப்பையிலோ போத்தலிலோ கொடுக்கும் பாலைப் பேருக்குக் குடித்துவிட்டு, ஏணையில் நெடுநேரம் உறங்கிவிடுவார்கள். பகலில் விட்ட பாலையும் தாயின் அணைப்பையும் இரவில் கேட்டு வாங்குவார்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அவன் எத்தனை தடவை பால் குடிக்கிறான், எவ்வளவு நேரம் உறங்குகிறான் என்று மாமியிடம் கேளுங்கள். புறப்படுமுன் ஒரு தடவையும் வீடு வந்து கைகால் கழுவியதும் ஒரு தடவையும் அவசரமில்லாமல் பாலூட்டுங்கள். மசித்த சோறு, பருப்பு, முள் நீக்கிய மீன் எல்லாம் பகலிலேயே வயிற்றுக்குள் போகட்டும். மாலை நாலரைக்கு மேல் உறங்க விடாதீர்கள். சில வீடுகளில் இதிலேயே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

அடுத்தது ஏணை. இந்த வயதில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக ஒரு நித்திரைச் சுற்று முடியும். முடியும்போது பிள்ளை அரை விழிப்புக்கு வரும். தன்னை உறங்கவைத்தது எதுவோ அதையே அப்போதும் தேடும். உங்கள் மகன் ஆட்டத்தைத் தேடுகிறான். பாதுகாப்புக்காகவும் ஏணையை விடும் காலம் வந்துவிட்டது. துணியின் வளைவில் நாடி நெஞ்சில் முட்டி மூச்சு தடைப்படலாம். புரளவும் எழுந்து உட்காரவும் முயலும் பிள்ளை அதிலிருந்து விழவும் கூடும். கெட்டியான தட்டையான படுக்கையில், தலையணை இல்லாமல், நிமிர்த்திப் படுக்கவையுங்கள். நுளம்புவலை இறுக்கமாக இருக்கட்டும். உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். தனி அறை தேவையே இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே குறைந்தது ஆறு மாதம் வரை பெற்றோரின் அறையில் படுக்கவைக்கச் சொல்கிறது. காணொளிக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

இனி அழுகை. சிறிது நேரம் அழவிட்டு, போய்த் தேற்றி, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும் முறையை 1985இல் பரப்பியவர் பொஸ்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர். மெல்பேர்ணில் ஏழு மாதத்தில் நித்திரைச் சிக்கல் இருந்த 326 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதிப் பெற்றோருக்கு இந்த முறையோ, பக்கத்தில் இருந்தபடி மெல்ல விலகும் முறையோ கற்றுக்கொடுக்கப்பட்டது. ஆறு வயதில் பார்த்தபோது மன நலத்திலோ தாய்ப் பாசத்திலோ அந்தப் பிள்ளைகள் மற்றவர்களிடமிருந்து வேறுபடவில்லை. தாய்மாரின் மனச்சோர்வு முதல் இரண்டு ஆண்டுகளில் குறைந்திருந்தது. ஆகவே சில நிமிட அழுகையால் மனம் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் கதவைச் சாத்தி அழவிடும் வழியை உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். ஐந்தாவது நிமிடம் மாமி தூக்கிவிடுவார். நீண்ட நேரம் அழுதால் ஏணை கிடைக்கும் என்பதைத்தான் அவன் படிப்பான்.

மெல்ல விலகும் வழி உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். அவன் வழக்கமாக ஒன்பதரைக்குத்தான் உறங்குகிறான் என்றால் எட்டு மணிக்கே கிடத்திப் போராடாதீர்கள். ஒன்பதரைக்கே கிடத்துங்கள், சுலபமாக உறங்கத் தொடங்கியதும் இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை கால் மணி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். முதல் சில இரவுகள் ஏணையில் ஆட்டி, கண் சொருகும்போது ஆட்டத்தை நிறுத்துங்கள். அடுத்த சில இரவுகள் ஏணை இல்லாமல் படுக்கையிலேயே கிடத்தித் தட்டிக்கொடுங்கள். பிறகு கையை வைத்தபடி மட்டும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். சிணுங்கினால் உடனே தூக்காமல் சற்றுப் பொறுங்கள். வீறிட்டால் தூக்கித் தேற்றி மறுபடி கிடத்துங்கள். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். மாமியிடம் காணொளியைக் காட்டாதீர்கள். "ஏணையிலிருந்து விழுந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது மாமி, தாலாட்டை நீங்கள்தான் பாட வேண்டும்" என்று கேளுங்கள். தாலாட்டு நல்லதே. கண் மூடுமுன் முடிந்துவிட்டால் சரி.

கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் அறை இரவிலும் கொதிக்கும். அந்த நாட்களிலும், சளி பிடித்திருக்கும்போதும், ஒன்பதாம் மாத எம்.எம்.ஆர். ஊசி போட்ட வாரத்திலும் தொடங்க வேண்டாம். குறட்டை, மூச்சுத் திணறல், நிறை ஏறாமை இருந்தால் நித்திரைப் பழக்கத்தை ஒதுக்கிவைத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் கணவர் ஒரு வரியிலும் வரவில்லை. நள்ளிரவுக்கு முன் வரும் விழிப்புகளை அவர் பார்க்கட்டும். அவரிடம் பால் மணம் இல்லாததால் பிள்ளை சில வேளை சீக்கிரமே அடங்கும். பிள்ளை உறங்கும்போதும் உங்களுக்கு நித்திரை வராவிட்டால், காரணமின்றி அழுகை வந்தால், குடும்ப நல உத்தியோகத்தரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி எண் 1926 இரவிலும் கிடைக்கும்.