போர்டில் 450, ரோட்டில் 270

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயம்தான்: எலெக்ட்ரிக் காருக்குக் கம்பெனி சொன்ன ரேஞ்ச், அதாவது ஃபுல் சார்ஜில் ஓடும் தூரம், வரவில்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எலெக்ட்ரிக் கார் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. பேட்டரி 40 யூனிட் (kWh). விளம்பரத்தில் 450 கிலோமீட்டருக்கு மேல் என்று போட்டிருந்தார்கள். ஆடி மாதம் குடும்பத்தோடு நாகர்கோவில் போனோம், சுமார் 220 கி.மீ. போகும்போது 87 சதவீதம் காலி. இரண்டு நாள் கழித்து அதே ரோட்டில் திரும்பும்போது 76 சதவீதம்தான் ஆனது. சராசரி பார்த்தால் ஃபுல் சார்ஜுக்கு 270 தேறுகிறது. ஷோரூமில் கேட்டால் ‘நீங்க ஓட்டுற விதம் சார்’ என்கிறார்கள். பேட்டரி கோளாறா, இல்லை ஏமாந்துவிட்டேனா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: நீங்கள் கொடுத்த கணக்கை வைத்துப் பார்த்தால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. போகவர 440 கி.மீ.க்கு 65 யூனிட் செலவாகியிருக்கிறது, அதாவது யூனிட்டுக்கு ஆறே முக்கால் கிலோமீட்டர். நாலு வழிச்சாலையில் ஆளும் சாமானும் ஏற்றி, ஏசி போட்டு 90, 100 என்று போகிற காருக்கு இது சாதாரணமான கணக்கு.

ஏமாந்தீர்களா என்றால், அந்த 450 பொய்யும் இல்லை, உங்கள் ரோட்டுக்கான எண்ணும் இல்லை. புனேயில் இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரியான சோதனைக் கூடத்தில் காரை உருளை மேல் ஏற்றி ஓட்டுவார்கள். சக்கரம் சுற்றும், கார் இருந்த இடத்திலேயே இருக்கும். எம்.ஐ.டி.சி. என்று ஓட்டும் முறைக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு சுற்று 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், பேட்டரி தீரும் வரை அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். முதல் பாகம் ஊருக்குள் ஓட்டுவது போல, 50-ஐத் தாண்டாது. இரண்டாம் பாகத்தில் 90 வரை போகும், அதுவும் கொஞ்ச நேரம்தான். முழுக்கச் சராசரி எடுத்தால் மணிக்கு முப்பது சொச்சம். ஏசி கிடையாது. எதிர்க்காற்று கிடையாது. பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் நாகர்கோவில் நேந்திரங்காய்த் தாரும் கிடையாது. நாலு வழிச்சாலை ஏறியதும் யாராவது மணிக்கு முப்பதில் போவார்களா? போனால் பின்னால் வருகிற லாரிக்காரர் ஹாரனை விட்டுக் கையை எடுக்க மாட்டார்.

அதே பேட்டரி, அதே கார், பரீட்சை மாறினால் மார்க் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஹூண்டாய் ஐயானிக் 5 என்ற காருக்கு 72.6 யூனிட் பேட்டரி. நம் ஊர்ச் சோதனையில் அது 631 கி.மீ. ஐரோப்பாவின் டபிள்யூ.எல்.டி.பி. சோதனையில் 481. அந்தச் சோதனையில் வேகம் 130 வரை ஏறும், அவ்வளவுதான் வித்தியாசத்தின் பெரும்பகுதி. டாடா 2024-இல் இருந்து சி75 என்று இன்னொரு எண்ணையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தது, வாங்கியவர்களில் நூற்றுக்கு 75 பேருக்காவது இவ்வளவு கிடைக்கும் என்ற அர்த்தத்தில். 45 யூனிட் நெக்ஸானுக்குச் சோதனைக் கூடத்து எண் 489, சி75 எண் 350 முதல் 370. நல்ல காரியம். ஆனாலும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது எது என்று உங்களுக்கே தெரியும். விளக்குத்தூண் பக்கம் ஆடித் தள்ளுபடி போர்டில் ‘50%’ ஆள் உயரத்துக்கும் ‘வரை’ என்பது எறும்பு அளவுக்கும் இருக்குமே, அந்தக் கதைதான்.

சரி, போகும்போது 87, வரும்போது 76 ஏன்? இதை நீங்கள் குறித்து வைத்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பணகுடி தாண்டினால் காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி என்று வரிசையாகக் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. மலை இடைவெளி வழியாக மேற்கே இருந்து தென்மேற்குப் பருவக்காற்று அங்கே புகுந்து அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், உங்கள் சார்ஜ் பறக்காதா? ஸ்பீடாமீட்டர் 90 காட்டும்போது எதிரே 30-இல் காற்று அடித்தால் காருக்கு அது 120-இல் போகிற மாதிரி. காற்று கொடுக்கிற எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும், அதாவது 80-இல் போகிறவர் 100-க்கு ஏறினால் காற்றைத் தள்ளுவதற்கான செலவு ஒன்றரை மடங்குக்கும் மேல். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிட்டது. மாசி, பங்குனியில் ஒருமுறை போய்ப் பாருங்கள், போகிற கணக்கும் வருகிற கணக்கும் நெருங்கி வரும்.

பெட்ரோல் காரிலும் கம்பெனி மைலேஜ் வந்ததே இல்லை, அதற்கு யாரும் கடிதம் எழுதவில்லை, ஏனென்றால் பத்து கிலோமீட்டருக்கு ஒரு பங்க் இருந்தது. இதில் அப்படி இல்லை. அதனால் ரேஞ்ச் எண்ணை மறந்துவிட்டு இரண்டே இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பேட்டரி எத்தனை யூனிட், உங்கள் ரோட்டில் யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர். அதிலும் நெடுந்தூரப் பயணத்தில் 100-இல் இருந்து பூஜ்யம் வரை யாரும் ஓட்டுவதில்லை. வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் 80-க்கு மேல் ஏறுவது நத்தை வேகம், கீழே 10-க்குப் போனால் வயிற்றில் புளி கரைக்கும். ஆக நடுவில் இருக்கிற 70 சதவீதம்தான் புழங்குகிற காசு. உங்கள் காரில் அது 28 யூனிட், 190 கி.மீ. வீட்டில் இருந்து ஃபுல்லாகக் கிளம்பினால் முதல் ஓட்டம் 240 வரை வரும், அப்புறம் 190, 190 என்று போட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்குத் திட்டம் போடும்போதும் இதே கணக்குதான்.

கேள்வி: பசங்க லீவுக்குக் கொடைக்கானல் போகலாம் என்றால் என் வீட்டுக்காரர் ‘மலையில பேட்டரி படுத்துரும், பஸ்ல போவோம்’ என்கிறார். எங்கள் காரும் 40 யூனிட்தான். போய் வர முடியுமா?
— வாசகி, கே.கே.நகர், மதுரை

பதில்: தாராளமாகப் போகலாம். அவர் பயப்படுவதிலும் பாதி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் மச்சான் காரில், இதே அளவு பேட்டரிதான், நான்கு பேர் போனோம். மதுரையில் 95 சதவீதத்தோடு கிளம்பி நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டு சேரும்போது 74. டீ குடித்துவிட்டு மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் சதவீதம் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக உதிர்ந்தது, பின் சீட்டில் இருந்து அக்கா ‘இப்ப எவ்வளவு, இப்ப எவ்வளவு’ என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கொடைக்கானல் ஏரிக்கரையில் நிறுத்தும்போது 34. சமதளத்தில் அறுபது கிலோமீட்டருக்கு 21 சதவீதம், மலையில் அதே தூரத்துக்கு 40.

இது மாயமில்லை. ஊர் இருப்பது சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், வத்தலக்குண்டில் இருந்தே 1,800 மீட்டருக்குக் குறையாத ஏற்றம். ஆளோடு சேர்த்து 1,750 கிலோ வருகிற காரை அவ்வளவு உயரம் தூக்கவே எட்டரை யூனிட் வேண்டும், ஓடுகிற செலவு தனி. வழக்கமான செலவுக்கு மேல் பத்து யூனிட் மலைக்கு என்று எடுத்து வைத்துவிட்டால் போதும், இந்த எடையில் இருக்கிற எந்தக் காருக்கும் கிட்டத்தட்ட இது பொருந்தும்.

இறங்கும்போதுதான் வேடிக்கை. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். மேலே 81 சதவீதத்தோடு கிளம்பினோம், வத்தலக்குண்டில் 78. அறுபது கிலோமீட்டருக்கு மூன்றே சதவீதம்! மச்சான் அந்த ஸ்கிரீனை போட்டோ எடுத்து குடும்ப குரூப்பில் போட்டார்.

ஒன்று மட்டும் கவனம். தங்குகிற இடத்தில் ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு 100 ஆக்கிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த குடத்தில் தண்ணீர் எங்கே ஊற்றுவது? பேட்டரி வாங்காது, கார் தானாக வேகம் குறையாது, மொத்த பாரமும் பிரேக்கின் மேல் விழும். 80, 85-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, கிளம்பும் முன் தங்கும் இடத்துக்கு போன் போட்டு 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா, அது இப்போது வேலை செய்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். நாங்கள் முதல் கேள்வியை மட்டும் கேட்டோம். போய்ப் பார்த்தால் பிளக் பாயின்ட் சுவரில் இருந்தது, கரண்ட் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அடுத்த தெருவில் ஒரு சார்ஜரைத் தேடிக் கண்டுபிடித்தோம், நல்லவேளையாக அதில் கூட்டமில்லை.

கேள்வி: கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டிக்கொண்டால் சார்ஜ் தீர்ந்துவிடாதா? சித்திரைத் திருவிழா சமயத்தில் என்ன செய்வது?
— வாசகர், சிம்மக்கல்

பதில்: நிற்கிற எலெக்ட்ரிக் காரில் மோட்டார் எதையும் தின்னாது. தின்பது ஏசி. வெயிலில் நின்ற காரைக் குளிர வைக்கும் முதல் பத்து நிமிடம் அதிகம் இழுக்கும், அப்புறம் மணிக்குச் சுமார் ஒரு யூனிட். அழகர் இறங்குகிற அன்று நான்கு மணி நேரம் நின்றாலும் நான்கு, ஐந்து யூனிட்தான், பெட்ரோல் தீர்கிற பயத்தை விட இது சின்னது. ஆனால் யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கிறபோது மட்டும் அடிவாங்கும். ஏசி அந்த ஒரு யூனிட்டைத் தின்கிற ஒரு மணி நேரத்தில் நான்கு வழிச்சாலையில் 80 கி.மீ. போய்விடுவீர்கள், ஊருக்குள் ஊர்ந்தால் 15 கி.மீ.தான் நகர்ந்திருப்பீர்கள். அக்னி நட்சத்திரத்தில் டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் ‘ஊருக்குள்ள நல்லா குடுக்கும்னு சொன்னாங்களே’ என்று கேட்பது இதனால்தான். நிழலில் நிறுத்துங்கள், சார்ஜில் இருக்கும்போதே ஏசியைப் போட்டுக் குளிரவைத்துவிட்டுக் கிளம்புங்கள், அந்தக் கரண்ட் சுவரில் இருந்து வரும்.

கேள்வி: போன வாரம் ஃபுல் சார்ஜில் 340 காட்டியது, இன்று 285 காட்டுகிறது. ஒரே வாரத்தில் பேட்டரி தேய்ந்துவிட்டதா?
— வாசகர், மேலூர்

பதில்: தேயவில்லை. நடுவில் திருச்சி போய் வந்தீர்களா? டிஸ்ப்ளேயில் வருவது அளந்து சொன்ன எண் இல்லை, கடைசியாக நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்து கார் போடுகிற ஊகம். விரட்டி ஓட்டினால் அது குறைத்துச் சொல்லும், நான்கு நாள் ஊருக்குள் பதமாக ஓட்டினால் மறுபடி ஏற்றிச் சொல்லும். சதவீதத்தைப் பாருங்கள், கிலோமீட்டரை விடுங்கள். ஓட்டுகிற விதம் மாறாமலே செலவு கூடினால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். டயர் மாற்றிய பிறகு ரேஞ்ச் குறைவது சகஜம், கடைக்காரர் இருக்கிற டயரைப் போட்டுவிடுவார், அதன் உருளும் எதிர்ப்பு கம்பெனி டயரை விட அதிகமாக இருக்கலாம்.

கேள்வி: தினமும் உசிலம்பட்டியில் இருந்து மதுரைக்கு வேலைக்கு வந்து போகிறேன். 24 யூனிட் சின்ன கார் போதும் என்கிறான் தம்பி, பெரிய பேட்டரி எடு என்கிறார் மாமா. யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: தம்பி பேச்சை. போகவர 80 கி.மீ., யூனிட்டுக்கு ஏழரை வைத்தாலும் 11 யூனிட்டுக்குள் முடிந்துவிடும், பேட்டரியில் பாதி கூடத் தீராது. வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் நான்கைந்து மணி நேரத்தில் ஏறிவிடும். மாமா அடிக்கடி சென்னைக்குக் கூட வருவதாக இருந்தால் மட்டும் பெரியதை யோசியுங்கள், அப்போதும் பணத்தில் பாதியை அவரிடம் கேளுங்கள்.