நாள்பட்ட நுரையீரல் நோயில் கால் வீங்குவது ஏன்?

குலசேகரத்தில் கொதும்பும் ஓலையும் எரித்து அடுப்பூதியே காலம் கழித்த உங்கள் தாயாருக்கு, மூச்சிரைப்போடு கணுக்காலும் வீங்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆக்சிஜன் குறைந்த பகுதியில் நுரையீரலின் சிறு தமனிகள் தாமாகவே சுருங்கி, நல்ல காற்றுள்ள பகுதிக்கு இரத்தத்தைத் திருப்பிவிடும். அந்தக் குறைபாடு ஆண்டுக்கணக்கில் நீடித்து, புகையால் உட்சுவரும் கெட்டு, தசையடுக்கு தடித்துக் குழாய் நிரந்தரமாகக் குறுகும்போது, அந்த எதிர்ப்பைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் தளர்கிறது. அப்போது உடலிலிருந்து திரும்பும் இரத்தம் தேங்கி, நீர் கசிந்து காலில் சேர்கிறது; விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம் பெரும்பாலும் அதன் அடையாளம். வேறு காரணங்களும் உண்டு என்பதால் எக்கோ (இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும்) பரிசோதனை அவசியம்.

ஓய்விலும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 88 சதவீதமோ அதற்குக் கீழோ நீடித்தால், நாளுக்கு 15 மணி நேரமாவது ஆக்சிஜன் தருவதே ஆயுளைக் கூட்டும் சிகிச்சை. நுரையீரல் தமனிகளை விரிக்கும் சில்டெனாபில் போன்ற மருந்துகள் பழுதான பகுதிக்கும் இரத்தத்தை அனுப்பி ஆக்சிஜனை மேலும் குறைக்கக்கூடும்; ஆகவே நுரையீரல் மருத்துவர் சொல்லாமல் அவற்றைத் தொடவே வேண்டாம். அம்மாவை இன்றே விறகடுப்பிலிருந்து விலக்குங்கள்.