ஒன்லைனில கதைச்சுக்கொண்டிருக்கச் சம்பளமோ? கொம்யூனிட்டி மனேஜர் வேலைக்குப் போக முதல்

கொக்குவிலில இருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கிறா. ஐடி டிப்ளோமா முடிச்சு மூண்டு வருசமா கஸ்டமர் சப்போர்ட் வேலை, இப்ப அமெரிக்காவில இருக்கிற ஒரு சொஃப்ட்வெயார் கொம்பனி கொம்யூனிட்டி மனேஜர் வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காம், வீட்டில இருந்தே செய்யலாமாம். "உது ஃபேஸ்புக்கில போஸ்ட் போடுற வேலைதானே எண்டு அப்பா கேக்கிறார், எனக்கும் வடிவா விளங்கப்படுத்தத் தெரியேல்ல. இரவிரவா முழிச்சிருக்க வேணுமோ? அவை என்ன கேப்பினம், நான் என்ன கேக்க வேணும்?"

நான் உந்த வேலையைத் திருநெல்வேலியில ஒரு சின்ன அறைக்குள்ள இருந்து எட்டு வருசமாச் செய்யிறன், அதால தெரிஞ்சதைச் சொல்லுறன்.

முதல் அப்பாவின்ட கேள்வி. உங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில நல்ல செயலாளர் ஒருத்தர் இருந்திருப்பார், அவரை அப்பாவுக்கு ஞாபகப்படுத்துங்கோ. பேப்பர் வந்ததோ எண்டு பாப்பார், கரம்போர்ட்டில சண்டை வந்தால் விலக்குவார், விளையாட்டுப் போட்டிக்கு ஆக்களைச் சேர்ப்பார், கனநாளா வராத ஆளை ரோட்டில கண்டால் "என்ன அண்ணை ஆளைக் காணேல்ல" எண்டு கேப்பார், பிறகு பிரதேச சபைக்குப் போய் எங்கட ஒழுங்கையில லைட் எரியேல்ல எண்டு சொல்லி அதுக்கு ஒரு பதிலோட திரும்பி வருவார். அதேதான் இந்த வேலை. இடம் மட்டும் டிஸ்கோர்ட், ஸ்லாக், டெலிகிராம் எண்டு ஆக்கள் கூட்டமாச் சேர்ந்து எழுதிக் கதைக்கிற அப்புகளா மாறும், பிரதேச சபைக்குப் பதிலா உங்கட கொம்பனியின்ட எஞ்சினியர்மார் இருப்பினம்.

போஸ்ட் போடுறது சோஷல் மீடியா ஆக்களின்ட வேலை, அவை கொம்பனியில இருந்து சனத்துக்குக் கதைக்கினம். நீங்கள் இப்ப செய்யிற சப்போர்ட் வேலையில ஒரு ஆள் ஒரு பிரச்சினையோட வருவார், தீர்த்து அனுப்பினால் முடிஞ்சுது. கொம்யூனிட்டியில அந்த ஆள் போகாமல் நிண்டு அடுத்து வாற ஆளுக்குத் தானே பதில் சொல்லுற அளவுக்கு வரவேணும், அதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம். என்னைக் கேட்டால் இந்த வேலை நல்லா நடக்குதோ எண்டு பாக்க ஒரே ஒரு கணக்குத்தான் இருக்கு: வாற கேள்வியளில எத்தினைக்கு நீங்களும் கொம்பனி ஆக்களும் இல்லாமல் வேற ஒரு மெம்பர் பதில் சொல்லியிருக்கிறார்? மெம்பர் எண்ணிக்கை பத்தாயிரம், இருபதாயிரம் எண்டு மீட்டிங்கில காட்ட வடிவா இருக்கும், ஆனா அதை நம்பி இருக்காதேங்கோ. இணையத்தளங்களைச் சனம் எப்பிடிப் பாவிக்குது எண்டு ஆராயிற ஜேக்கப் நீல்சன் 2006இலேயே எழுதினவர், ஒன்லைன் கூட்டங்களில 90 வீதமான ஆக்கள் பாத்துக்கொண்டு மட்டும் இருப்பினம், 9 வீதம் இடைக்கிடை எழுதுவினம், மிச்சம் 1 வீதம்தான் கனக்க எழுதும் எண்டு. எல்லா இடத்திலயும் அச்சொட்டா அப்பிடி இருக்காது, ஆனா நான் பாத்த இடமெல்லாம் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் சாய்ஞ்சிருந்தது. அந்த 1 வீத ஆக்களைப் பேர் பேரா உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும். நான் ஒரு கொப்பி வைச்சிருக்கிறன், ஆர் எந்த நாடு, அங்க இப்ப எத்தினை மணி, என்ன வேலை செய்யினம், கடைசியா என்ன கேட்டவை எண்டு எழுதி. சிலியில இருந்து ஒருத்தர் ஒவ்வொரு நாளும் புது ஆக்களுக்குப் பதில் சொல்லுறவர், ரெண்டு கிழமை ஆளைக் காணேல்ல, தனி மெசேஜ் போட்டுக் கேட்டன், அம்மா ஆஸ்பத்திரியில எண்டார். நான் கேட்டது அவ்வளவுதான். அம்மா வீட்ட வந்த பிறகு அவர் முதல் வேலையா எங்கட கொம்யூனிட்டிக்குத்தான் வந்தவர்.

இப்பிடி ஒரு ஆள் உள்ளுக்க இருக்கிறதின்ட பெறுமதி கொம்பனியளுக்குச் சிலநேரம் அந்த ஆளை அனுப்பின பிறகுதான் விளங்கும். ரெடிட் எண்டது ஆக்கள் பகுதி பகுதியாச் சேர்ந்து கதைக்கிற ஒரு பெரிய இணையத்தளம். 2015 ஜூலையில அந்தக் கொம்பனி, பிரபலமான ஆக்களோட நடக்கிற கேள்வி பதில் நிகழ்ச்சியளை ஒழுங்குபடுத்திக் குடுத்துக்கொண்டிருந்த தங்கட ஊழியரைத் திடீரெண்டு நிப்பாட்டினது. அந்த நிகழ்ச்சியள் நடக்கிற பகுதியில சம்பளமில்லாமல் ஒழுங்கைப் பாத்த மொடரேற்றர்மாருக்கு முன்னறிவித்தல் ஒண்டும் இல்லை, அவைக்குக் கொம்பனிக்குள்ள கதைக்க இருந்த ஆள் அந்த ஊழியர்தான். அவை அந்தப் பகுதியைப் பூட்டிச்சினம், பின்னால வேற கனக்கப் பெரிய பகுதியளும் பூட்டுப்பட்டுது. உங்கட இன்டர்வியூவில யாராவது "இந்த வேலை ஏன் தேவை" எண்டு கேட்டால் இதைச் சொல்லலாம்.

இரவு விசயம். ஓம், கொஞ்சம் இருக்கும், பொய் சொல்லேல்ல. சான் பிரான்சிஸ்கோவில விடிய 9 மணி எண்டால் அவையின்ட கோடைக்கு எங்களுக்கு இரவு 9.30, குளிர்காலத்துக்கு 10.30. லண்டன் கொம்பனி எண்டால் அவ்வளவு கரைச்சல் இல்லை, அவையின்ட 9 மணி எங்கட மத்தியானம் 1.30 இல்லாட்டி 2.30. நீங்கள் எத்தினை மணி தொடக்கம் எத்தினை மணி வரைக்கும் இருப்பியள் எண்டதையும், அந்த நேரத்துக்கு வெளியில ஏதும் பெரிசா வெடிச்சால் ஆர் பாப்பினம் எண்டதையும் எழுத்தில வாங்குங்கோ. நான் முதல் ரெண்டு வருசமும் இதைக் கேக்காமல் விட்டு நல்லூர்த் திருவிழா நேரம் வீதியில நிண்டு ஃபோனைப் பாத்துக்கொண்டு நிண்டனான், அம்மா தேரைப் பார் தேரைப் பார் எண்டுறா, நான் கனடாக்காரன் ஒருத்தனுக்குப் பாஸ்வேர்ட் மாத்துறது எப்பிடி எண்டு எழுதுறன். அது ஆருக்கும் தேவையில்லாத வேலை, அவருக்கு அடுத்த நாள் பதில் கிடைச்சிருந்தாலும் ஒண்டும் நடந்திருக்காது. ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ்ஸும், வேற நெற்வேர்க் சிம் ஒண்டும் வாங்கி வையுங்கோ. 2022இல 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிண்ட நாளெல்லாம் இருந்தது, அப்ப அதுகள்தான் என்னைக் காப்பாத்தினது.

இன்டர்வியூவில அனேகமா கோவத்தில எழுதின ஒரு மெசேஜைத் தந்து இதுக்குப் பதில் எழுதுங்கோ எண்டுவினம். இதில கொஞ்சம் நிண்டு சொல்லுறன், ஏனெண்டால் வேலையின்ட அரைவாசி இதுக்குள்ளதான் இருக்கு.

முந்தி நான் இருந்த ஒரு கொம்பனி ஒரு அப்டேட் விட்டுது, அதோட ஆக்கள் தங்கட வேலையை ஃபைலா வெளியில எடுக்கிற பட்டன் செத்துப் போச்சு. இரவு 11 மணி. நூறு மெசேஜுக்கு மேல. நான் பதட்டத்தில கொம்பனி தந்து வைச்சிருந்த பதிலை அப்பிடியே போட்டனான், உங்கள் பொறுமைக்கு நன்றி, உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது எண்டு. உடன ஒருத்தர் எழுதினார், "எனக்கு விடிய ஒன்பது மணிக்கு வேலையை ஒப்படைக்க வேணும், உங்கட நன்றியை வைச்சு நான் என்ன செய்யிறது?" அவர் கேட்டது முழுக்கச் சரி. கை நடுங்கிச்சுது. பிறகு இப்பிடி எழுதினன்: "பட்டன் வேலை செய்யேல்ல, பிழை எங்கட. எப்ப சரிவரும் எண்டு எனக்கு இப்பத் தெரியாது. எஞ்சினியர் ஒருத்தர் பாத்துக்கொண்டிருக்கிறா. 12 மணிக்கு, சரிவந்தாலும் வராட்டிலும், இதிலேயே வந்து சொல்லுறன்." 12 மணிக்குச் சரிவரேல்ல, வந்து சொன்னன். 1 மணிக்கும் வரேல்ல, வந்து சொன்னன். ஒண்டரைக்கு அதே கோவக்காரர், பழைய வேர்ஷனை எப்பிடித் திரும்பப் போட்டு ஃபைலை எடுக்கிறது எண்டு படம் பிடிச்சு மற்ற எல்லாருக்கும் போட்டார்.

அதால இன்டர்வியூவில எழுதேக்க, என்ன நடந்தது, ஆரின்ட பிழை, உங்களுக்கு என்ன தெரியும் என்ன தெரியாது, அடுத்து எப்ப வந்து சொல்லுவியள், இவ்வளவும் வரட்டும். குடுக்க ஏலாத வாக்குக் குடுக்காதேங்கோ. இங்கிலீஷ் பெரிசா இருக்க வேணும் எண்டில்லை, சின்னச் சின்ன வசனம் காணும். விமர்சனத்தை அழிப்பியளோ எண்டு கேட்டால், கொம்பனியைப் பேசினால் அழிக்க மாட்டன், ஆளைப் பேசினால், அடுத்தவரின்ட ஃபோன் நம்பர், விலாசம் போட்டால் உடன எடுப்பன் எண்டு சொல்லுங்கோ, எடுத்த பிறகு தனிய மெசேஜ் போட்டு ஏன் எடுத்தது எண்டும் சொல்ல வேணும்.

நீங்கள் கேக்க வேண்டியதில முதலாவது, நான் கொண்டு வாற முறைப்பாட்டை உள்ளுக்க ஆர் கேப்பினம்? பேர் சொல்லச் சொல்லுங்கோ. போன மூண்டு மாசத்தில மெம்பர்ஸ் சொல்லி நீங்கள் மாத்தின ஒண்டைச் சொல்லுங்கோ எண்டு கேளுங்கோ. ஒண்டும் சொல்லத் தெரியாட்டில் நான் அந்த வேலைக்குப் போகமாட்டன், எவ்வளவு சம்பளம் எண்டாலும், ஏனெண்டால் பிரதேச சபை கதவையே திறக்காட்டில் செயலாளர் எத்தினை தரம் போய் வந்தும் என்ன? அடுத்தது மொடரேற்றர்மார் சம்பளத்துக்கோ தொண்டுக்கோ எண்டு கேளுங்கோ. தொண்டு எண்டால் அவைக்கு நேர அட்டவணை போட்டு வேலை வாங்கக் கூடாது, 1999இல ஏஓஎல் எண்ட அமெரிக்க இன்டர்நெற் கொம்பனியின்ட பழைய தொண்டர்மார் சம்பளம் கேட்டு வழக்கே போட்டவை.

பொம்பிளைப் பிள்ளை எண்டபடியால் இன்னொண்டு. அசிங்கமான மெசேஜ் வரும், வராது எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ. உங்கட சொந்த ஃபேஸ்புக்கையும் ஃபோன் நம்பரையும் வேலையோட சேர்க்காமல் தனி அக்கவுண்ட் வையுங்கோ, அப்பிடி வந்தால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து உடன மேல அனுப்புங்கோ, தனிய இருந்து தாங்கிக்கொண்டு பதில் எழுத வேண்டாம், அதைக் கையாள வேற ஒரு ஆள் இருக்கோ எண்டும் முன்னமே கேளுங்கோ.

சம்பளத்தில, ஊழியராவோ கொன்ட்ராக்டாவோ எடுக்கினம் எண்டு பாருங்கோ. இஞ்ச ஊழியர் எண்டால் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் நீங்கள் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் போடவேணும். கொன்ட்ராக்டில முதலாளி போடுற அந்த 15 வீதமும் இல்லை, லீவும் அனேகமா இல்லை, அதைக் கணக்குப் பாத்துத்தான் தொகை கேக்க வேணும். வரி விசயத்துக்கு ஒரு கணக்காளரிட்ட ஒருக்காப் போய் வாங்கோ.

இன்டர்வியூவுக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கெண்டு எழுதியிருக்கிறியள். இண்டைக்கே அந்தக் கொம்பனியின்ட டிஸ்கோர்டுக்குள்ள போய்ச் சேருங்கோ, ஒண்டும் எழுதாமல் ஏழு நாளும் வாசியுங்கோ. பதில் கிடைக்காமல் கிடக்கிற பத்துக் கேள்வியையும், ஒவ்வொரு நாளும் மற்றவைக்குப் பதில் சொல்லுற மூண்டு ஆக்களையும் கொப்பியில குறியுங்கோ. கதைக்கேக்க அந்தக் கொப்பி பக்கத்தில இருக்கட்டும்.