கேப் ஹேட்டராஸ் மணலில் வண்டி ஓட்ட: அனுமதி, டயர் காற்று, பறவைக்காக மூடிய கரை

வாசகர் கேள்வி: சார்லட்டிலிருந்து ஜூலை இரண்டாம் வாரம் குடும்பத்தோடு வட கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் தீவுகளுக்குப் போகிறோம். எங்களிடம் இருப்பது டொயோட்டா 4ரன்னர், நான்கு சக்கர இயக்கம் உண்டு. கேப் ஹேட்டராஸின் முனையான கேப் பாயிண்ட் வரை மணலிலேயே ஓட்டிப் போய் மீன் பிடிக்க ஆசை. ஆனால் அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு சின்னப் பறவைக்காகக் கரையை மூடிவிடுவார்கள் என்கிறார்கள். அனுமதிக்குக் கட்டும் பணம் வீணாகுமா? பறவை எதுவும் கண்ணில் படாவிட்டால் தடுப்புக் கயிற்றைச் சுற்றி ஓரமாகப் போனால் என்ன? வண்டியை எப்படித் தயார் செய்வது?

பதில்: கயிற்றைச் சுற்றிப் போகலாமா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறோம். போகவே கூடாது. கண்ணில் படாமல் இருப்பதுதான் அந்தப் பறவையின் பிழைப்பே.

பைப்பிங் ப்ளவர் என்ற அந்தப் பறவை நம் ஊர் உப்பளங்களில் ஓடித் திரியும் உப்புக்கொத்தியின் சொந்தக்காரப் பறவை. நீளம் சுமார் 18 செ.மீ., நிறம் உலர்ந்த மணலின் நிறம். அட்லாண்டிக் கரையில் வாழும் கூட்டம் 1986 முதல் அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. வெறும் மணலில் சின்னக் குழி பறித்து மூன்று நான்கு முட்டை இடும். பொரிய ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். பொரிந்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் கூட்டை விட்டு நடக்கத் தொடங்கிவிடும். தாய் தகப்பன் இரை ஊட்டுவதில்லை. அலை நனைத்த ஈர மணலுக்குத் தாமே நடந்து போய்ப் புழுவும் சிறு பூச்சியும் கொத்தித் தின்ன வேண்டும். பறக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். அந்த மாதம் முழுக்க மணல்மேட்டுக்கும் அலைக்கும் இடையே பகலில் பல தடவை போய் வரும். வண்டிகள் ஓடுவதும் அதே பட்டையில்தான்.

ஆபத்து நெருங்கினால் குஞ்சு ஓடாது, மணலோடு ஒட்டிப் படுத்துவிடும். நரிக்கும் கடற்காகத்துக்கும் எதிராக அது நல்ல உத்தி. டயருக்கு எதிராக அதுவே சாவு. ஆழமான டயர் தடத்துக்குள் இறங்கிய குஞ்சு ஏறி வரத் திணறும், காற்றுக்கு ஒதுங்கி அங்கேயே உட்காரவும் செய்யும். அடுத்து வரும் வண்டியும் பெரும்பாலும் அதே தடத்தில்தான் வரும். பத்து மைல் வேகத்தில், கவனமாகவே ஓட்டினாலும், சில கிராம் எடையுள்ள மணல் நிறக் குஞ்சை ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க முடியாது.

இதனால்தான் மூடும் பரப்பு ஒரே அளவாக இருப்பதில்லை. முட்டை இருக்கும்வரை கூட்டைச் சுற்றிச் சிறு பரப்பை மூடினால் போதும். பொரிந்த அன்று பரப்பு சட்டென்று பெருகும், ஏனென்றால் இனி குஞ்சு எங்கே நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. 2012 விதியில் குஞ்சுகளுக்காக வண்டிகள் 1,000 மீட்டர் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. 2014 இறுதியில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்குப் பிறகு அதைக் குறைத்தார்கள். முடிந்த இடங்களில் வண்டி போக ஒரு வழியும் விட்டார்கள். ஆகவே நேற்று திறந்திருந்த இடம் இன்று மூடியிருக்கலாம். அது அதிகாரிகளின் மனம் மாறியதால் அல்ல, குஞ்சு நகர்ந்ததால்.

இந்த விதிகள் திடீரென முளைத்தவை அல்ல. பொது நிலத்தில் வண்டி போகும் வழிகளைக் குறித்துக் கொடுக்க வேண்டும் என்று 1972இல் அதிபர் நிக்சன் ஆணையிட்டார். சேதம் தெரிந்தால் உடனே மூடு என்று 1977இல் அதிபர் கார்ட்டர் அதை இறுக்கினார். ஹேட்டராஸில் அதற்கான தனி விதி பல பத்தாண்டுகளாக எழுதப்படவே இல்லை. 2007இல் டிஃபெண்டர்ஸ் ஆஃப் வைல்ட்லைஃப், தேசிய ஆடுபான் சங்கம் ஆகிய இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் வழக்குப் போட்டன. 2008 ஏப்ரலில் நீதிமன்ற ஒப்புதலோடு சமரசம் ஏற்பட்டது. 2012 பிப்ரவரியில் இன்றைய அனுமதி முறை வந்தது. மீன்பிடிப்பவர்களும் தூண்டில் கடைக்காரர்களும் பட்ட வருமானக் கவலை உண்மையானது, அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் விதி எழுதாமல் தள்ளிப்போட்ட ஆண்டுகள்தான் இரு தரப்பையும் மோதவிட்டன என்பது எங்கள் கருத்து. 2008 சமரசத்தில் இன்னொரு ஷரத்தும் இருந்தது: வேலியை யாராவது வேண்டுமென்றே மீறினால் மூடிய பரப்பு 50 மீட்டர் கூடும், மறுபடி மீறினால் இன்னும் கூடும். கயிற்றைச் சுற்றிப் போன ஒருவரால் அடுத்து வந்த எல்லோருக்கும் கரை குறைந்தது. இன்று மீறினால் கூட்டாட்சி விதிப்படி 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

இனி அனுமதி. அரசின் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் பத்து நாளுக்கு 50 டாலர், ஆண்டுக்கு 120 டாலர். ஒரு வண்டிக்கு ஓர் அனுமதி. எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாததால் முன்பதிவு செய்யும் அவசரம் இல்லை. கரை மூடியிருந்ததற்காகப் பணம் திரும்ப வராது. எனவே முந்தின நாள் மாலை தேசியப் பூங்காத் துறையின் கரை வரைபடத்தைப் பார்த்துவிட்டு அதன் பிறகு வாங்குங்கள். கரைக்கு இறங்கும் வழிகளை ராம்ப் என்று எண் போட்டுக் குறித்திருப்பார்கள். கேப் பாயிண்டுக்கு 43, 44. ஜூலை நடுவில் ப்ளவர் குஞ்சுகள் பலவும் பறக்கத் தொடங்கியிருக்கும்; முதல் முட்டைகளை அலையோ நரியோ கொண்டுபோக மறுபடி முட்டையிட்ட ஜோடிகளின் குஞ்சுகள் மட்டும் தரையில் இருக்கும். கூட்டமாகக் கூடு கட்டும் ஆலா என்ற கடற்பறவைகளுக்காகவும் மூடியிருக்கலாம். பாயிண்ட் மூடியிருந்தால் ஒக்ராகோக் தீவின் ராம்ப்களையும் பார்த்துவிடுங்கள். கிராமங்களுக்கு எதிரே உள்ள கரை பல இடங்களில் கோடையில் நடப்பவர்களுக்கு மட்டுமே. பீ ஐலண்ட் சரணாலயக் கரையில் வண்டிக்கு எப்போதும் இடமில்லை. மீன் பிடிக்க மாநிலத்தின் கடல் தூண்டில் உரிமம் வேறு வேண்டும், 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும்.

வண்டியில் நான்கு பொருள்கள் கட்டாயம்: குறைந்த அழுத்தம் காட்டும் டயர் கேஜ், மண்வெட்டி, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை. பலகை இல்லாவிட்டால் வண்டி உயராது, ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கும். முக்கால் அங்குல பிளைவுட், ஓரடிக்கு ஓரடி போதும். இழுவைப் பட்டை, ஸ்பேர் டயர், 12 வோல்ட் காற்றடிப்பான் ஆகியவை விதியில் இல்லை, இல்லாமல் போகாதீர்கள்.

மணலில் இறங்குமுன் நான்கு டயரையும் 20 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். சாலைக்கு வைத்திருக்கும் முப்பத்துச் சொச்சத்தில் டயர் கத்தி மாதிரி மணலை வெட்டும். 20இல் தரையில் படும் பகுதி நீளமாகி எடை பரவும், வண்டி மணலின் மேல் மிதந்து போகும். தடமும் ஆழமாகாது, குஞ்சு ஏறி வர முடிகிற தடத்துக்கும் அதைச் சிறைபிடிக்கும் தடத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் காற்றில்தான் இருக்கிறது. காற்று இறக்கச் சோம்பல்பட்டவர்களே அதிகம் சிக்குகிறார்கள்.

ராம்பில் ஏறும் முன்பே 4எச்-இல், அதாவது நான்கு சக்கர இயக்கத்தின் வேக கியரில், போடுங்கள். மணல் மாவு போல இருந்தால் 4எல், அதன் மெதுவான, வலுவான கியர். டிராக்ஷன் கன்ட்ரோல் சக்கரம் சுழலும்போதெல்லாம் எஞ்சின் வலுவைக் குறைத்து வண்டியை நிறுத்திவிடும். அதை அணைத்து வையுங்கள். வேக வரம்பு 15 மைல். முன்னால் போன தடத்திலேயே போங்கள், மணல்மேட்டுப் பக்கம் நட்டிருக்கும் கம்பங்களைத் தாண்டாதீர்கள். மேட்டின் அடிவாரத்தில் நம் கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடி வளரக்கூடும்; அதுவும் 1993 முதல் பட்டியலில் உள்ளது. சடாரென்று திருப்பாதீர்கள், குறைந்த காற்றில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அலை ஓரம் இறுகியது போலத் தெரிந்தாலும் நிறுத்திவைக்க ஏற்ற இடமல்ல. ஓதம் ஏறும் நேரத்தைப் பார்த்து, மேலே தள்ளி, கடலைப் பார்த்தபடி நிறுத்துங்கள்.

சிக்கிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். இரண்டு விநாடி சுழற்றினால் அச்சு வரை புதைந்துவிடும். இறங்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தோண்டி, அடித்தட்டில் முட்டும் மணலை இழுத்துப் போட்டு, காற்றை 15க்கு இறக்கி, வந்த தடத்திலேயே மெல்லப் பின்னால் எடுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை வந்துவிடும். வராவிட்டால் இழுவைப் பட்டையை வண்டியின் சட்டத்தில் உள்ள கொக்கியில் மாட்டுங்கள். டிரெய்லர் உருண்டையில் மாட்டினால் அது பிய்ந்து குண்டு போலப் பறக்கும், ஆள் செத்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் குழியை மூடுங்கள்.

குழி மூடுவது ஆமைக்காக. கோடை இரவுகளில் பெருந்தலைக் கடலாமைகள் ஏறி வந்து, ஒரு கூட்டுக்கு நூறு முட்டை போல இட்டுப் போகும். பொரிய 50 முதல் 60 நாள். நாள் நெருங்கும்போது கூட்டிலிருந்து தண்ணீர் வரை வேலி நீளும். அதுவரை போக முடிந்த கரை அங்கே துண்டாகும், சில இடங்களில் கூட்டுக்குப் பின்னால் மாற்றுவழி விடுவார்கள். குழியில் விழுந்த தாய் ஆமையால் ஏற முடியாது, தடத்தில் விழுந்த குஞ்சு கடலைச் சேராது. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் தெருவிளக்கைப் பார்த்து ஊர்ந்து போவதும் இதனால்தான். ஜூலையில் இரவு 9 மணிக்கு மேல் கரையில் வண்டி கூடாது. காலையில் ஆமைத் தடம் தேடும் பணியாளர்கள் போய் வந்த பிறகே வழி திறக்கும். முதல் வண்டி தடத்தை அழித்துவிட்டால் அந்தக் கூடு இருப்பதே தெரியாமல் போகும்.

சாலைக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பாமல் நெடுஞ்சாலை 12இல் வேகம் எடுக்காதீர்கள். தளர்ந்த டயர் சூடேறி வெடிக்கும். அன்றிரவே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

பகலில் ஆமைக் குஞ்சு ஊர்வதைக் கண்டால் எடுத்துக் கடலில் விடாதீர்கள். வண்டியை நிறுத்தி, பின்னால் வருபவர்களையும் நிறுத்தி, மேலே வட்டமிடும் கடற்காகங்களைத் தள்ளி நின்று விரட்டியபடி, பூங்கா அலுவலகத்துக்கு ராம்ப் எண்ணைச் சொல்லி அழையுங்கள்.