கடுங்குளிரில் மின்சாரக் கார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோடையில் ஒருமுறை சார்ஜ் செய்தால் 400 கி.மீ. ஓடிய எங்கள் மின்சாரக் கார், ஜனவரியில் 250 கி.மீ. கூடத் தாண்டவில்லை. மைனஸ் 15 டிகிரியில் இரவு முழுவதும் வாசலில் நின்ற காரைக் காலையில் விரைவு சார்ஜரில் மாட்டினால், அரை மணி நேரமாகியும் போதிய அளவு ஏறவில்லை. பேட்டரி பழுதாகிவிட்டதா?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: கவலைப்பட வேண்டாம், நீங்கள் சொல்லும் இரண்டுமே குளிரின் வேலைதான். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019இல் ஐந்து மின்சாரக் கார்களைச் சோதித்தது. மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் போடாமல் ஓட்டியபோது தூரம் சராசரியாக 12 விழுக்காடும், ஹீட்டர் போட்டு ஓட்டியபோது 41 விழுக்காடும் குறைந்தது. பெட்ரோல் கார் எஞ்சினில் வீணாகும் வெப்பத்தைக் கொண்டே உள்ளே கதகதப்பூட்டுகிறது. மின்சாரக் காருக்கு அந்த வசதி இல்லாததால், வெப்பத்துக்கான மின்சாரத்தைப் பெரும்பாலும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. இருக்கைச் சூட்டையும் ஸ்டியரிங் சூட்டையும் போட்டுக்கொண்டு காற்று ஹீட்டரைச் சற்றுக் குறைத்து வைத்தாலே நல்ல மிச்சம் தெரியும்.

சார்ஜ் மெதுவாக ஏறுவது குறையன்று, பாதுகாப்பு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற லித்தியம் அணுக்கள்) பேட்டரியின் எதிர்முனையான கிராஃபைட்டுக்குள் நுழைய வேண்டும், உறைகுளிரில் அவை தடுமாறும்; அப்போது மின்சாரத்தை வலிந்து செலுத்தினால் அவை மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்து, பேட்டரியின் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைத்துவிடும். அதனால்தான் காரின் கட்டுப்பாட்டு அமைப்பு வரும் மின்சாரத்தை முதலில் பேட்டரியைச் சூடாக்கச் செலவிட்டு, பிறகே வேகத்தைக் கூட்டுகிறது. 2024 ஜனவரியில் சிகாகோவில் மின்சாரக் கார்கள் சார்ஜர்களின் முன் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதும், சில கார்கள் காத்திருக்கும்போதே சார்ஜ் தீர்ந்துபோய் இழுத்துச் செல்லப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். பலர் பேட்டரியைச் சூடாக்காமலேயே சார்ஜருக்கு வந்தது அந்த நெரிசலுக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே காலையில் சில்லிட்ட காரைச் சார்ஜருக்கு ஓட்டிச் செல்லாதீர்கள். மாலையில் ஓட்டி வந்த சூடு ஆறுவதற்குள் வீட்டிலேயே மாட்டிவிடுங்கள். காலையில் புறப்படும் நேரத்தைக் காரில் பதிந்து வைத்தால், வயர் மாட்டியிருக்கும்போதே வீட்டு மின்சாரத்தில் பேட்டரியும் உள்ளறையும் சூடாகிவிடும். வெளியூர்ப் பயணத்தில் விரைவு சார்ஜரையே வழிகாட்டித் திரையில் சேருமிடமாகக் குறியுங்கள். பல கார்கள் அதைக் கண்டதும் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கத் தொடங்கிவிடும். வீட்டில் சாதாரண 120 வோல்ட் பிளக்கைப் பயன்படுத்துபவரானால், 240 வோல்ட் இணைப்புக்கு மாறுவதையே நான் வற்புறுத்துவேன். 120 வோல்ட்டில் கிடைப்பது ஏறத்தாழ 1.4 கிலோவாட், கடுங்குளிரில் அதில் பெரும்பகுதி பேட்டரியைச் சூடாக்குவதிலேயே போய்விடும்.

கேள்வி: காலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், கார் முன்போல் வேகம் குறையாமல் உருண்டுகொண்டே போகிறதே?
– வாசகர், ஆஸ்லோ, நார்வே

பதில்: ஆக்சிலரேட்டரை விட்டதும் மின்சாரக் காரின் மோட்டார் சக்கரங்களுக்குத் தடை கொடுத்து வேகத்தைக் குறைத்து, அதிலிருந்து மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். அந்த மின்சாரத்தைக் குளிர்ந்த பேட்டரியால் முழுமையாக வாங்கிக்கொள்ள முடியாததால், கார் அந்தத் தடையைத் தானே தளர்த்திவிடுகிறது. பனிப்பாதையில் இது மிகவும் கவனிக்க வேண்டிய விஷயம். பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டர் மிதி ஒன்றிலேயே ஓட்டிப் பழகியவர்கள், பேட்டரி சூடாகும்வரை முன்வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட்டு, பிரேக்கை முன்கூட்டியே மெல்ல மிதியுங்கள்.