சுரங்கத் தண்ணீரின் புளிப்பை நுண்ணுயிர் எடுக்குமா?

கேள்வி: கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் கசிவுநீர் என் வயல் வாய்க்காலில் கலக்கிறது. வாய்க்காலெல்லாம் ஆரஞ்சுப் படிவு. பி.எச். 4-க்கும் கீழே. பயிர் வேர் பிடிக்காமல் குட்டையாக நிற்கிறது. நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். கரைசலோடு உங்கள் காசும் ஓடிவிடும். இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் பெருகும். ஓடுகிற வாய்க்காலில் அதற்கு என்ன வேலை?

பாறையிலுள்ள பைரைட்டில் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். (அதை வேகப்படுத்துவதும் வேறொரு பாக்டீரியாதான்.) ஆரஞ்சுப் படிவு, துருப்பிடித்த இரும்பு. வேரை முடக்குவது பெரும்பாலும் அமிலத்தில் கரைந்துவரும் அலுமினியம். அதனால் உரத்தைக் கூட்டிப் பயனில்லை.

அந்த அமிலத்திலுள்ள சல்பேட்டை, உலோகத்தைப் பிடித்துப் படியவைக்கும் சல்பைடாக்கும் பாக்டீரியாவுக்கு வீடு கட்டித்தர வேண்டும். கசிவு வாய்க்காலில் சேருமுன் குழி வெட்டி, கசியாத தாள் விரித்து, அடியில் துளைக் குழாயும் சுண்ணாம்புக்கல் ஜல்லியும் போடுங்கள். மேலே மக்கிய சாணம், வைக்கோல், மரத்தூள், சுண்ணாம்புக்கல் தூள் கலந்து நிரப்புங்கள். பாக்டீரியா வித்துக்குக் கடைக்குப் போகவேண்டாம். குட்டையின் அடியைக் கிளறினால் கூமுட்டை நாற்றத்தோடு கருஞ்சேறு வரும். அதில் சில வாளி போதும். தண்ணீர் கட்டி ஓரிரு வாரம் ஊறவிட்டு, அப்புறம் கசிவை மெதுவாக உள்ளே விடுங்கள். இரும்பு, செம்பு, துத்தநாகம் சல்பைடாகப் படியும், புளிப்பும் குறையும். மாங்கனீசு மட்டும் அவ்வளவு எளிதில் சிக்காது.

குழியின் அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கசிவில் 10 லிட்டர் வாளி நிறைய 100 நொடி ஆனால், நாளைக்கு 8,640 லிட்டர். மூன்று நாள் தங்கவைக்க ஏறக்குறைய 26,000 லிட்டர் இடம் வேண்டும். கலவையே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் குழி அதைப்போல் இரு மடங்கு. வாளி 10 நொடியில் நிறைகிறதென்றால் இது ஒரு விவசாயி செய்கிற வேலையில்லை. சுரங்கத்துக்குப் பொறுப்பானவர்கள்தான் செய்யவேண்டும்.

திறந்த வாய்க்காலில் சுண்ணாம்புக்கல்லை மட்டும் கொட்டுவதும் நிலைக்காது. துரு மூடி, கல் வேலை செய்யாமல் போய்விடும்.

குழியைக் காயவிடாதீர்கள்; காற்றுப் பட்டால் பிடித்த உலோகம் மறுபடி கரையும். அந்தச் சேற்றை எருவாக வயலில் போடவே கூடாது. குழியிலிருந்து கூமுட்டை நாற்றத்தோடு எழும் வாயு நஞ்சு, மூடிய தொட்டிக்குள் இறங்காதீர்கள். வெளிவரும் நீரைப் படிக்கட்டு போன்ற அமைப்பில் விழச்செய்து, தெளியவைத்து, காட்மியம், ஆர்செனிக் பரிசோதனை பார்த்த பிறகே பாய்ச்சுங்கள். அதுவரை மாடுகளும் அதைக் குடிக்கவேண்டாம்.